கையுறை கடைசியில்

இருபத்தாறு பிள்ளைகள். ஆளுக்கு இரண்டு பூட்ஸ், இரண்டு கையுறை, ஒரு தொப்பி, ஒரு ஸ்னோ பான்ட்ஸ், ஒரு ஜாக்கெட். மொத்தம் 182 உருப்படி. கழுத்தில் சுற்றும் துணிகளை நான் எண்ணவில்லை. இத்தனையையும் போட்டு முடிக்க முதல் நாள் எங்களுக்கு நாற்பது நிமிடம் எடுத்தது. வெளியில் நின்றது இருபது நிமிடம். திரும்பி வந்து கழற்ற இன்னுமொரு அரை மணி. கடைசிப் பிள்ளையின் ஜிப்பை மேலே இழுத்துவிட்டு நிமிர்ந்தபோது, முதலில் உடுத்தி முடித்தவள் என் முன்னால் கால்களை ஒடுக்கிக்கொண்டு நின்றாள். "மிஸ், பாத்ரூம்."

2023 ஜனவரி, கனடாவில் ரொறன்ரோவின் கிழக்குப் பக்கமான ஸ்காபரோ. என் முதல் வகுப்பறைப் பயிற்சி. ஒன்ராறியோ மாகாணத்தில் ஆசிரியப் படிப்பு 2015 வரை ஒரு வருடம்தான் இருந்தது; பிறகு இரண்டு வருடமாக்கினார்கள். அதில் குறைந்தது 80 நாட்கள் உண்மையான வகுப்பறையில் நிற்க வேண்டும். எனக்கு முதல் நான்கு கிழமைக்குக் கிடைத்தது ஒரு பாலர் வகுப்பு. ஜே.கே., எஸ்.கே. என்ற ஜூனியர், சீனியர் கிண்டர்கார்டன் இரண்டும் கலந்தது. அந்த வருடம் டிசம்பர் 31க்குள் நான்கு வயது நிரம்பினால் போதும், செப்டம்பரில் ஜே.கே.யில் சேர்க்கலாம். அதாவது செப்டம்பரில் வந்த சிலருக்கு மூன்று வயதும் எட்டு மாதமும்தான். 2010இல் தொடங்கி 2014க்குள் மாகாணம் முழுக்க இது முழுநாள் வகுப்பாகிவிட்டது. ஒரு ஆசிரியை, ஒரு சிறுவர் கல்வியாளர் என்று பெரியவர்கள் இரண்டு பேர். மூன்றாவதாக நான், என்ன செய்வதென்று தெரியாமல்.

என் கதையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முப்பத்து நான்கு வயதில் ஆசிரியப் படிப்புக்குப் போனவள் நான். அதற்கு முன் பல வருடம் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கினேன். யாழ்ப்பாணத்தில் பாதியில் விட்ட பட்டத்தை இங்கே இரவு வகுப்பில் முடித்தேன். பாலர் வகுப்புக்குப் பயிற்சிக்குப் போகிறேன் என்றதும் மாமி கேட்டா: "பிள்ளையளை உருண்டு பிரண்டு விளையாட விடுறதுக்கோ நீ இரண்டு வருசம் படிக்கிறாய்?" அவவுக்குக் கல்வி என்றால் விஜயதசமி அன்று தாம்பாளத்து அரிசியில் விரலைப் பிடித்து 'அ' எழுதுவிப்பது. அதற்குப் பிறகு பிள்ளை குந்தியிருந்து எழுத வேண்டும். ஒன்ராறியோவின் 2016 பாலர் பாடத்திட்டத்தில் விளையாட்டே கல்வி என்று எழுதியிருப்பதை நான் மாமிக்கு விளக்கப் போகவில்லை. எனக்கே முழுக்க நம்பிக்கை வரவில்லை என்பதுதான் உண்மை.

அந்தப் பள்ளிக்கூடத்தின் பெயரையும் பிள்ளைகளின் பெயரையும் இங்கே எழுதப் போவதில்லை. பொய்ப் பெயர் வைக்கவும் மனமில்லை. ஒருவனைச் சிவப்புத் தொப்பி என்றும், இன்னொருவனைப் பேரன் என்றும் சொல்கிறேன். ஏன் பேரன் என்பது பின்னால் விளங்கும்.

முதல் நாள் காலையில் என்னைத் திகைக்க வைத்தது தேசிய கீதம். ஒலிபெருக்கியில் 'ஓ கனடா' தொடங்கியதும் எல்லோரும் இருந்த இடத்திலேயே அசையாமல் நிற்க வேண்டும். பிந்தி வந்தவர்கள் தாழ்வாரத்தில் ஒரு காலில் பூட்ஸும் மறுகாலில் ஈரக் காலுறையுமாக நின்றார்கள். ஒருத்தி வாழைப்பழத்தை வாய்க்குள் பாதியும் வெளியில் பாதியுமாக வைத்துக்கொண்டு நேராக நின்றாள். பாட்டு முடியும்வரை கடிக்கவில்லை.

வகுப்பில் எத்தனை மொழி என்று எண்ணி என் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தேன். தமிழ், உருது, தாரி, தகாலொக், மாண்டரின், குஜராத்தி, வங்காளம், அரபு. வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுகிறவர்கள் நான்கு பேர். ஸ்காபரோவைத் தெரிந்தவர்களுக்கு இது புதினமல்ல. இங்கே இருப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் கனடாவுக்கு வெளியே பிறந்தவர்கள். ஆனால் நான் இந்தப் பட்டியலை ஒரு பெருமையோடு எழுதினேன். இப்படி ஒரு வகுப்புக்கு என்னைப் போன்ற ஒருத்திதான் பொருத்தம் என்ற நினைப்பு. குறைந்தபட்சம் தமிழ்ப் பிள்ளைகளுக்காவது என்னால் பெரிய உதவி இருக்கும் என்று நம்பினேன்.

அந்த நம்பிக்கை முதல் நாளே பத்து மணிக்குப் போய்விட்டது. தண்ணீர்த் தொட்டியடியில் பேரன் நின்றான். பக்கத்தில் குந்தி, "தம்பி, என்ன செய்யிறீங்கள்? கப்பல் விடுறீங்களோ?" என்று தமிழில் கேட்டேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு தெளிந்த ஆங்கிலத்தில் சொன்னான்: "மிஸ், நீங்கள் சாதாரணமாகவே கதைக்கலாம்."

நான்கு வயது. அவனுக்குத் தமிழ் சாதாரணமில்லை.

பின்னேரம் அவனை ஏற்றிப்போக வந்தது அம்மம்மா. ஸ்காபரோப் பள்ளிக்கூட வாசல்களில் மூன்றரை மணிக்கு நின்று பார்த்தால் தெரியும், பாதிப் பேர் தாத்தா பாட்டிகள்தான். தாய் தகப்பன் இருவரும் வேலையில் இருப்பார்கள். சேலைக்கு மேல் பெரிய கறுப்பு ஜாக்கெட், அதற்குமேல் மகளுடைய பழைய கம்பளித் தொப்பி. என்னைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"பிள்ளை தமிழோ? எந்த இடம்?"

ஊர் சொன்னேன். அவவின் ஊர் அதிலிருந்து மூன்று மைல். அதற்குள் பேரன் அவவின் கையை இழுத்துக்கொண்டு நின்றான்.

"இவன் வகுப்பிலை கதைக்கிறவனோ?"

"நல்லாக் கதைப்பான், அம்மா. வாய் மூடுறதில்லை."

"வீட்டிலை நான் சொல்லுறது ஒண்டும் அவனுக்கு விளங்குதில்லை, பிள்ளை. வீட்டிலை இங்கிலீசே கதையுங்கோ, இல்லாட்டிப் பிள்ளை பின்னுக்கு நிண்டிடும் எண்டு ஆரோ மகளுக்குச் சொல்லிப்போட்டினம். எனக்கெங்கை இங்கிலீசு? நானும் அவனும் கையாலை காலாலைதான்."

இந்த அறிவுரையை நான் எத்தனை வீடுகளில் கேட்டிருக்கிறேன்! சொல்பவர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் பல காலம் இருந்த ஜிம் கமின்ஸ் என்ற அறிஞர் 1979 முதல் இதற்கு நேர்மாறாகத்தான் சொல்லி வருகிறார். வீட்டு மொழியில் ஊன்றிய அறிவு இரண்டாம் மொழிக்கும் கைகொடுக்கும். ஒன்றைப் பிடுங்கினால் மற்றது செழிக்கும் என்பதற்கு ஆதாரமில்லை. விளையாட்டுத் திடல் ஆங்கிலம் ஒரு பிள்ளைக்கு இரண்டு வருடத்தில் வந்துவிடும், பாடப் புத்தக ஆங்கிலம் வர ஐந்து வருடமும் அதற்கு மேலும் எடுக்கும் என்பதும் அவருடைய ஆய்வுகளில் வருவதுதான். அந்த ஐந்து வருடம் பிள்ளை எதைப் பிடித்துக்கொண்டு யோசிக்கும்? வீட்டு மொழியைத்தானே. பாலர் பாடத்திட்டமே வீட்டு மொழியை விடாதீர்கள் என்றுதான் பெற்றோருக்குச் சொல்லச் சொல்கிறது. இதையெல்லாம் அம்மம்மாவிடம் வாசலில் வைத்துச் சொல்ல முடியாது. "நீங்கள் தமிழிலேயே கதையுங்கோ, அம்மா. அவன் பதில் சொல்லாட்டிலும் கதையுங்கோ. காதிலை விழுந்தது போகாது" என்று மட்டும் சொன்னேன். நம்பினாவோ தெரியவில்லை. பேரனுக்குத் தொப்பியை இழுத்துவிட்டு, "பொறடா, பொறு" என்று சொல்லிக்கொண்டே அவன் பின்னால் போனா.

இனிச் சிவப்புத் தொப்பி.

தாரி பேசும் குடும்பம். 2021 ஓகஸ்டுக்குப் பிறகு ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தவர்கள். நான் போனபோது அவன் வகுப்பில் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. ஒரு சொல்கூடப் பேசியதில்லை. அழுவதில்லை, அடிப்பதில்லை, கேட்பதுமில்லை. தொப்பியை மட்டும் வகுப்புக்குள்ளும் கழற்ற மாட்டான்.

பயிற்சி மாணவிகள் தினமும் இரண்டு பிள்ளைகளைக் கவனித்துக் குறிப்பு எழுத வேண்டும். மூன்றாம் நாள் அவனைப் பற்றி எழுதினேன்: 'மொழி இல்லை. குழுவில் கலந்துகொள்வதில்லை. அறிவுறுத்தல் விளங்குவதில்லை.' எழுதி முடித்தபோது நான் நல்ல ஆசிரியை போலத்தான் எனக்குத் தோன்றியது.

வகுப்பாசிரியை இருபது வருடத்துக்கு மேல் பாலர் வகுப்பு எடுத்தவர். குரலை உயர்த்தி நான் கேட்டதேயில்லை. என் குறிப்பேட்டை வாசித்தார். பேனையை எடுத்து 'மொழி இல்லை' என்பதன் கீழ் ஒரு கோடு போட்டார்.

"அப்படியென்றால் இவன் வீட்டில் அம்மாவோடு எப்படிச் சண்டை பிடிப்பான்?"

எனக்குப் பதில் வரவில்லை.

"இதில் நீ நினைத்தது மூன்று இருக்கிறது. பார்த்தது எங்கே?"

அடுத்த நாள் பதினைந்து நிமிடம் என்னை வேறு எந்த வேலையும் செய்ய விடவில்லை. கட்டைகள் இருக்கும் மூலையில் ஒரு சின்னக் கதிரையில் இருந்து அவனைப் பார்த்து எழுதச் சொன்னார். வினைச்சொல் மட்டும் எழுது, பெயரடை வேண்டாம் என்றார். எழுதியதை அப்படியே தருகிறேன்:

'9.40. நீளக் கட்டைகளைப் பிரித்து எடுக்கிறான். நான்கை ஒரு வரிசையில் வைக்கிறான். ஐந்தாவது கொஞ்சம் குட்டை. வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துவிடுகிறான். 9.44. ஒரு பிள்ளை வந்து ஒரு கட்டையை எடுக்கிறாள். அவளைப் பார்க்கிறான். இன்னொன்றை அவளிடம் நீட்டுகிறான். 9.49. ஆசிரியை விளக்கை ஒருமுறை அணைத்துப் போடுகிறார். ஒதுக்கும் பாட்டு இன்னும் தொடங்கவில்லை. இவன் ஏற்கனவே கட்டைகளைக் கூடைக்குள் போடத் தொடங்கிவிட்டான். நீளமானது அடியில், குட்டை மேலே. 9.52. மற்றவர்கள் வர முன்னரே பாயில் தன் இடத்தில் போய் இருக்கிறான்.'

அறிவுறுத்தல் விளங்காத பிள்ளை! அந்த வகுப்பின் ஒழுங்கு அவனுக்குப் பாடமாக இருந்தது. எனக்குத்தான் இன்னும் ஆகவில்லை. அந்த விளக்கு அணைவது ஒதுக்கும் நேரத்துக்கான அடையாளம் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

இரண்டாம் மொழிக்குள் வரும் பிள்ளைகள் பேச முன் பல மாதம் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பதுண்டு, அதை மௌன காலம் என்பார்கள் என்று நான் பரீட்சையில் எழுதிப் புள்ளி வாங்கியவள்தான். அதுவும் போகட்டும். 1995 ஒக்ரோபர் கடைசியில் போரினால் யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு வந்தபோது எனக்கு ஏழு வயது. அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டார்கள். மொழி அதே தமிழ். ரீச்சரும் நல்லவ. ஆனாலும் அந்த வகுப்பில் நான் கனகாலம் வாய் திறக்கவில்லை என்று அம்மா இப்போதும் சொல்லுவா. எனக்கு ஞாபகமிருப்பது வகுப்புக் கூரையின் கிடுகு எண்ணிக்கை மட்டும். இதெல்லாம் தெரிந்திருந்தும் 'மொழி இல்லை' என்று என் கை எழுதியிருக்கிறது.

அந்தக் கிழமையே இன்னொன்றும் செய்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கம்.

மதியச் சாப்பாட்டு நேரம். சிவப்புத் தொப்பியின் அம்மா ஒரு சின்னத் தெர்மஸில் சோறு கொடுத்து விடுவா. கரட் சீவலும் முந்திரிகை வற்றலும் போட்ட, நெய் வாசம் வரும் சோறு. அவன் மூடியைத் திறந்து, விரல் நுனியால் ஒரு கவளம் திரட்டி வாய்க்குள் வைத்தான். நான் போய், சிரித்த முகத்தோடு, அவன் கையில் ஒரு முள்ளுக்கரண்டியைத் திணித்தேன். விரல்களை ஒரு கடதாசித் துவாயால் துடைத்தும் விட்டேன். அவன் கரண்டியைப் பார்த்தான். அதைப் பக்கத்தில் வைத்துவிட்டு, தெர்மஸ் மூடியைத் திருகி மூடினான். அன்று அவன் சாப்பிடவில்லை.

எங்கள் வகுப்பின் சிறுவர் கல்வியாளர் கராச்சியில் பிறந்து வளர்ந்தவர். அவர் எதுவும் சொல்லாமல் என்னைக் கூட்டிக்கொண்டு ஆசிரியர் அறைக்குப் போனார். தன் டப்பாவைத் திறந்து ரொட்டியைப் பிய்த்து, கையாலேயே சாப்பிடத் தொடங்கினார். நான் என் டப்பாவைத் திறந்தேன். புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும். கரண்டியால்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், மூன்று நாளும். கிடங்கில் வேலை செய்த காலத்திலும் அப்படித்தான்; வெளியில் சாப்பிட்டால் கரண்டி. ஆரும் எனக்கு அப்படிச் சொன்னதில்லை. சொல்லாமலே பழகியது. வீட்டில் கையால் பிசைந்து சாப்பிடுகிற ஒருத்திதான் நான்கு வயதுப் பிள்ளையின் விரலைத் துடைத்துவிட்டிருக்கிறேன்.

மறுநாள் என் புட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு பிள்ளைகளின் மேசையில் போய் இருந்தேன். முழங்கால் மேசைக்கு மேல் நின்றது. அவ்வளவு சின்னக் கதிரை. கையால் சாப்பிட்டேன். அவன் பார்த்தான், ஒன்றும் நடக்கவில்லை. தெர்மஸைத் திறந்து தன்பாட்டில் சாப்பிட்டான். மற்றவர்களுக்குத்தான் பெரிய புதினம். தேங்காய்ப்பூவோடு வெள்ளை வெளேரென்று இருந்த புட்டைக் காட்டி ஒருத்தி கேட்டாள்: "மிஸ், ஸ்னோவையா சாப்பிடுறீங்கள்?" மேசை முழுக்க எட்டிப் பார்த்தது. பேரன் மட்டும் எட்டிப் பார்க்கவில்லை. "அது புட்டு" என்றான், சலிப்போடு. அவன் வாயிலிருந்து நான் கேட்ட முதல் தமிழ்ச் சொல்.

இதற்கிடையில் பொங்கலும் வந்தது. ஜனவரி தமிழ் மரபுத் திங்கள். ஒன்ராறியோ 2014இல் சட்டமாக்கியது, கனடா நாடாளுமன்றம் 2016இல் ஏற்றுக்கொண்டது. வகுப்புக்கு ஒரு தமிழ் மாணவி வந்திருக்கிறாள் என்றதும் அறிவிப்புப் பலகை என் தலையில் விழுந்தது. அந்த வருடம் பொங்கல் ஞாயிறு என்பதால் 13ஆம் திகதி வெள்ளியே வகுப்பில் கொண்டாடினோம். இரவிரவாகக் கடதாசியில் பானை, கரும்பு, சூரியன் வெட்டி ஒட்டினேன். பிள்ளைகள் சூரியனுக்கு மஞ்சள் பூசினார்கள், பசையை மேசைக்கும் பூசினார்கள். பேரனிடம் ஆவலாகக் கேட்டேன், வீட்டில் பொங்குவீர்களா என்று. வெள்ளிக்கிழமை தங்கள் வீட்டில் பீட்சா என்றான். நான் பலகைகளுக்கு எதிரியில்லை. ஆனால் ஒரு மாதம் ஒரு சமூகத்துக்குப் பலகை, அடுத்த மாதம் அதைக் கிழித்து வேறொன்று என்ற முறையில் எனக்குப் பெரிய பிடிப்பு வரவில்லை. அந்தக் கடதாசிப் பானையை வெட்டிய மூன்று மணி நேரத்தில் தாரி மொழியில் பத்துச் சொல்லாவது படித்திருக்கலாம்.

சரி, ஜாக்கெட்டுக்கு வருகிறேன். உண்மையில் அந்த நான்கு கிழமையும் நான் உருப்படியாகக் கற்றது அதைத்தான்.

குளிருடுப்புக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் ஸ்னோ பான்ட்ஸ். பிறகு பூட்ஸ். பூட்ஸை முதலில் போட்டால் ஸ்னோ பான்ட்ஸ் ஏறாது, எல்லாவற்றையும் கழற்றித் திரும்பத் தொடங்க வேண்டும். அதன் பிறகு ஜாக்கெட், தொப்பி. கையுறை எப்போதும் கடைசியில். கையுறையைப் போட்ட கையால் ஒரு ஜிப்பையும் பூட்ட முடியாது. ஆனால் நான்கு வயதுக்குக் கையுறைதான் ஆசை. அதைத்தான் முதலில் மாட்டிக்கொண்டு வருவார்கள்.

ஜாக்கெட்டைத் தாங்களே போட ஒரு வித்தை இருக்கிறது. ஜாக்கெட்டை நிலத்தில் விரிக்க வேண்டும், உள்பக்கம் மேலே தெரிய, கழுத்துப் பக்கம் பிள்ளையின் கால்விரல்களைத் தொடும்படி. பார்க்கத் தலைகீழாக இருக்கும். பிறகு குனிந்து இரண்டு கையையும் சட்டைக்கைக்குள் விட்டு, ஒரே வீச்சில் தலைக்கு மேலால் பின்னுக்கு எறிய வேண்டும். ஜாக்கெட் முதுகில் வந்து சரியாக விழும். வகுப்பாசிரியை இதைச் செய்து காட்டியபோது நானே கைதட்டினேன். வாயால் விளக்கினால் ஒருவருக்கும் விளங்காது. 'கழுத்துப் பக்கம் காலடியில்' என்று எந்த மொழியில் சொன்னாலும் பிள்ளை கழுத்தைத்தான் தடவிப் பார்க்கும்.

சிவப்புத் தொப்பிக்கு யாரும் விளக்கவில்லை. ஒருமுறை பார்த்தான். அடுத்த நாள் செய்தான். அதற்கு அடுத்த நாள், மேல்சட்டைக்குள் தலை மாட்டிக்கொண்டு தவித்த ஒருத்தியின் ஜாக்கெட்டை எடுத்து, தலைகீழாக விரித்து, அவளுடைய காலடிக்கு இழுத்து வைத்தான். அவள் கையை விட்டு வீசினாள். விழுந்தது. இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. அவள் போய்விட்டாள். அவன் அடுத்த ஜாக்கெட்டைப் பார்த்தான்.

ஜிப் அவ்வளவு சுலபமில்லை. ஒரு பக்கத்துக் கீழ் முனை மறு பக்கத்தில் இருக்கும் சின்னப் பெட்டிக்குள் அடிமட்டும் இறங்க வேண்டும். இறங்க முன் இழுத்தால் பாதி வழியில் பல் விலகும், பிறகு மேலேயும் போகாது கீழேயும் வராது. பிள்ளைகள் அசைந்துகொண்டே இருப்பார்கள். நான் முழங்காலில் நின்று, முனையைப் பெட்டிக்குள் இறக்கி, மறு கையால் ஜாக்கெட்டின் அடியைப் பிடித்துக்கொண்டு... என்ன சொல்லுவேன் என்று அப்போது நான் கவனித்ததில்லை. ஆங்கிலத்தில்தான் சொல்லுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

25ஆம் திகதி பனி கொட்டோ கொட்டென்று கொட்டியது. மறுநாள் பல்கலைக்கழகத்திலிருந்து என்னைப் பார்வையிட ஒரு பேராசிரியர் வந்திருந்தார். வடிவத் தொடர் பற்றி நான் ஒரு பாடம் ஆயத்தம் செய்திருந்தேன். சிவப்புப் பொத்தான், நீலப் பொத்தான், சிவப்பு, நீலம். அது ஒருமாதிரி ஓடியது. ஒரு பிள்ளை பொத்தானை மூக்குக்குள் வைக்கப் பார்த்ததைப் பேராசிரியர் காணவில்லை என்று நினைக்கிறேன். அது முடிந்து வெளியே போக உடுத்தும் நேரம். அவர் குறிப்புப் பலகையோடு கதவடியில் நின்றார். நான் ஒருத்தியின் பூட்ஸோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு குரல்.

"பொறு, பொறு, பொறு."

சின்னக் குரல். 'று' கொஞ்சம் தட்டையாக, 'ரு' மாதிரி. பேரன்தான், ஒருவழியாகத் தமிழுக்கு இறங்கி வந்துவிட்டான் என்று நினைத்துத் திரும்பினேன். பேரன் கையை அகல விரித்துக்கொண்டு நின்றான், ஒரு கையில் கையுறை ஏற்கனவே ஏறியிருந்தது. அவன் முன்னால் முழங்காலில் சிவப்புத் தொப்பி. நாக்கு நுனி வெளியில் தெரிய, ஜிப் முனையைப் பெட்டிக்குள் இறக்கிக்கொண்டிருந்தான். பேரன் அசைந்தான். "பொறு" என்றான் மறுபடியும், கொஞ்சம் கண்டிப்பாக. முனை அடிவரை இறங்கியது. மேலே இழுத்தான். நாடிவரை போனது.

வகுப்பாசிரியை அங்கிருந்து என்னைப் பார்த்தார். சிறுவர் கல்வியாளர் கையில் ஒரு தொப்பியோடு அப்படியே நின்றுவிட்டார். செப்டம்பரிலிருந்து அவர்கள் அந்தக் குரலைக் கேட்டதில்லை. யாரும் கைதட்டவில்லை, 'கெட்டிக்காரன்' என்று கூச்சலிடவில்லை. அப்படிச் செய்தால் அவன் திரும்பவும் வாயை மூடிவிடுவான் என்று அவர்களுக்குத் தெரியும். நான் வாய் திறக்கப் போனதை ஆசிரியையின் ஒரு பார்வை அடக்கியது.

"அவன் என்ன சொல்கிறான்?" என்று பூட்ஸ்காரி என்னைக் கேட்டாள்.

எனக்கு முந்திப் பேரன் சொன்னான், ஆங்கிலத்தில்: "வெயிட் பண்ணு என்கிறான். அது என் அம்மம்மாவின் சொல்."

பேராசிரியரின் அறிக்கையில் பாடத்துக்கு நல்ல புள்ளிதான் போட்டிருந்தார். உடுத்தும் நேரம் மிக நீண்டுவிட்டது, நேர முகாமைத்துவத்தில் கவனம் தேவை என்று கீழே எழுதியிருந்தார். அன்று எங்களுக்கு முப்பத்தொரு நிமிடம். முதல் நாளைவிட ஒன்பது நிமிடம் குறைவு என்று அவருக்கு ஆர் சொல்வது.

அதற்குப் பிறகு ஒரு கிழமை அந்தச் சொல் வகுப்பு முழுக்கப் பரவியது. உருதுப் பிள்ளையும் தகாலொக் பிள்ளையும் ஜிப்புக்கு 'பொறு' என்றார்கள். அவர்களுக்கு அது காத்திரு என்பதல்ல, ஜிப் போடும்போது சொல்ல வேண்டிய சொல். ஒருத்தி பொம்மைக்குச் சட்டை மாட்டும்போதுகூடச் சொன்னாள். சிவப்புத் தொப்பி வேறு எதுவும் பெரிதாகப் பேசிவிடவில்லை. இரண்டு நாள் கழித்து 'நோ' என்றான், அதுவும் தேவையான இடத்தில். வேறொருவன் அவனுடைய தொப்பியைத் தொட்டபோது. என் குறிப்பேட்டில் நேரத்தோடு இருக்கிறது: 10.12.

கடைசி நாள் பெப்ரவரி 3, வெள்ளி. கடுங்குளிர் எச்சரிக்கை விட்டிருந்தார்கள். பிள்ளைகளை மதியம் வெளியே விடவில்லை. ஆனாலும் வீட்டுக்குப் போக 182 உருப்படியும் ஏறத்தானே வேண்டும். மூன்றரைக்கு வாசலில் நின்றேன். சிவப்புத் தொப்பியின் அம்மா என்னிடம் வந்தா. இதற்கு முன் நாங்கள் தலையசைத்துக்கொள்வதோடு சரி. தன் ஜாக்கெட் ஜிப்பைக் காட்டி, ஒரு விரலை உயர்த்தி, மகனைக் காட்டி, "பொறு?" என்று கேட்டா. வீட்டில் தம்பிக்குச் சட்டை போடும்போது சொல்கிறானாம், என்ன சொல் அது, ஆங்கிலமா? கையாலும் முகத்தாலும் அவ கேட்டது எனக்கு இப்படித்தான் விளங்கியது.

நான் கையைக் காட்டி விளக்கப் பார்த்தேன். சரிவரவில்லை. பக்கத்தில் நின்ற எங்கள் கராச்சிக்காரர்தான், "சபர்" என்றார். உருதுச் சொல், தாரியிலும் அதே சொல். "சபர்!" என்று அவ தலையில் கை வைத்துச் சிரித்தா. பிறகு என்னைக் காட்டி ஏதோ கேட்டா, சிறுவர் கல்வியாளர் உருதுவில் எதையோ சொன்னார், பாதி விளங்கியும் பாதி விளங்காமலும் இருவரும் மேலும் சிரித்தார்கள். என்னைப் பற்றித்தான் என்று நினைக்கிறேன். அம்மம்மாவும் அதற்குள் வந்துவிட்டா. என்ன பகிடி என்று கேட்டா. நான் சொல்லத் தொடங்கினேன்.

அதற்குள் இரண்டு பொடியன்களும் நடைபாதையோரம் குவித்திருந்த பனிமேட்டைப் பார்த்து ஓடத் தொடங்கிவிட்டார்கள். பேரனின் ஜாக்கெட் திறந்தபடி. மற்றவனின் கையுறை ஒன்று நூலில் தொங்கியபடி.

"பொறடா!" என்று அம்மம்மா கத்தினா. அந்தத் தாய் தன் மொழியில் கத்தினா. இரண்டு பேரும் காதில் வாங்கவில்லை.